ஆறு புள்ளி நான்கு

ஜொகூர் பாருவில் ஒரு கிளினிக். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கிறது" என்கிறார். அடுத்த வாரம் அதே மனிதர் பாலம் கடந்து, சிங்கப்பூரில் தாம் வேலை பார்க்கும் கம்பெனியின் டாக்டரிடம் அதே தாளை நீட்டுகிறார். "இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது, இன்னொரு டெஸ்ட் எடுக்க வேண்டும்" என்கிறார் அந்த டாக்டர். அன்றிரவு சென்னையில் இருக்கும் மைத்துனர் வாட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "பார்டர்தான் மச்சான், கவலைப்படாதீங்க."

தாளில் இருப்பது ஒரே எண், 6.4.

ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம் 1924 முதல் அங்கே இருக்கிறது. அதன் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அந்தத் தூரத்தில் ஒருவர் நோயாளியாகவும் நோயாளி அல்லாதவராகவும் மாற முடியுமா? மூன்று பேரில் யார் சொன்னது சரி? அவரவர் நாட்டு நடைமுறைப்படி மூவரும் சரியாகத்தான் சொன்னார்கள். இது எப்படி என்று புரிந்துகொண்டால், நீரிழிவு நோயின் பெரும்பகுதி புரிந்துவிடும். அதனால் இந்த மனிதரையே இந்த அத்தியாயம் முழுக்கப் பின்தொடர்வோம். இவர் பலரிடமிருந்து கோத்தெடுத்த ஓர் உதாரணம். வயது 42, வீடு ஸ்கூடாயில். விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால்தான் ஏழு மணி ஷிப்டுக்குப் போய்ச் சேர முடியும். அம்மா கூலாய் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர்; கடைசிக் காலத்தில் இனிப்பு நீரோடு போராடியவர். இவர் பார்க்க ஒல்லி, தொப்பை மட்டும் கொஞ்சம் உண்டு.

எறும்பு வராத வீடு

அவருடைய முதல் கேள்வி நியாயமானது. அம்மாவுக்கு நோய் வந்தபோது குளியலறைத் தரையில் எறும்பு மொய்த்ததை வீடே பார்த்தது. இரவில் நான்கைந்து முறை எழுந்தார், தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார், உடல் இளைத்தது. தமக்கு இதில் ஒன்றுகூட இல்லையே!

எறும்பு பொய் சொல்வதில்லை, ஆனால் மிகவும் தாமதமாக வருகிறது. நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் கரைந்திருக்கும் சர்க்கரை முழுவதையும் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. இந்த உறிஞ்சும் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமோல் அளவைத் தாண்டும்போதுதான் மிச்சம் சிறுநீரில் கசிகிறது. கசிந்த சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் அடிக்கடி சிறுநீர் போகிறது, அதனால் தாகம் எடுக்கிறது.

இங்கே அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சர்க்கரையை மில்லிமோலில் சொல்கிறோம். தமிழ்நாட்டில் மில்லிகிராமில் சொல்கிறார்கள். நம் எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் அவர்கள் எண் கிடைக்கும். நம்முடைய 7 அவர்களுக்கு 126; நம்முடைய 10 அவர்களுக்கு 180.

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நீரிழிவு. சிறுநீரில் கசிவதோ 10க்கு மேல். ஏழுக்கும் பத்துக்கும் இடையில் ஒருவர் பல ஆண்டுகள் வாழ முடியும். எறும்பு வராது, தாகம் எடுக்காது, எந்த வலியும் இருக்காது. மலேசிய சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தவர்களில் 100க்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. அதில் 9.4 பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பது தெரிந்திருந்தது. மீதி 8.9 பேருக்கு, அன்று விரலில் ஊசி குத்தும்வரை தெரியாது. இந்திய வம்சாவளியினரை மட்டும் தனியே எடுத்தால் அந்த 18 என்பது 31 ஆக ஏறுகிறது. நம் குடும்பங்களில் பத்து பெரியவர்கள் ஒரு பந்தியில் உட்கார்ந்தால் மூவருக்கு இந்த நோய் இருக்கக்கூடும் என்று பொருள்.

கறை படிந்த சட்டை

அந்த 6.4 என்பது என்ன? அது வெறும் வயிற்றுச் சர்க்கரை அல்ல. ஏ1சி என்று டாக்டர்கள் சொல்லும் பரிசோதனை; மக்கள் வாயில் "மூணு மாச சுகர்".

ரத்தத்தின் சிவப்பு அணுக்களுக்குள் ஹீமோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமப்பது அதன் வேலை. ரத்தத்தில் சுற்றும் சர்க்கரை இந்தப் புரதத்தின்மேல் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் பிறகு விடாது. பால் வெட்டுபவர்களின் சட்டையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ரப்பர் பால் பட்ட கறை எத்தனை முறை துவைத்தாலும் போகாது. ஒரு சட்டையில் எவ்வளவு கறை என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: எவ்வளவு பால் தெறித்தது, எத்தனை நாள் அந்தச் சட்டையைப் போட்டிருந்தார். சிவப்பு அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதுவரை அது சேர்த்துக்கொண்ட கறையைத்தான் ஏ1சி அளக்கிறது. 6.4 சதவீதம் என்றால், ஆயிரம் ஹீமோகுளோபின் மூலக்கூறுகளில் 64இல் சர்க்கரை ஒட்டியிருக்கிறது. நோயில்லாத ஒருவருக்கு இது ஐம்பதையொட்டி இருக்கும்.

பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் தே தாரேவை விட்டுவிட்டு, சோற்றைக் குறைத்து, நல்ல பிள்ளையாகப் போய் உட்கார்ந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் இறங்கலாம். ஏ1சி ஏமாறாது. கடந்த மூன்று மாதங்களும் அதில் பதிந்திருக்கும். அதிலும் கடைசி ஒரு மாதத்தின் பங்கு ஏறக்குறைய பாதி. நீரிழிவு உள்ளவர்களின் ஹீமோகுளோபினில் ஏதோ வித்தியாசம் இருக்கிறது என்று 1968இல் தெஹ்ரானில் கண்டுகொண்டவர் சாமுவேல் ராபர் என்ற ஈரானிய விஞ்ஞானி. இன்று உலகம் முழுக்க நீரிழிவு சிகிச்சை நடப்பதே அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான்.

சட்டை உதாரணத்திலேயே இந்தப் பரிசோதனையின் பலவீனமும் இருக்கிறது. சட்டையைச் சீக்கிரமே கிழித்துப் போட்டுவிட்டால் கறை குறைவாகத் தெரியும். சிவப்பு அணுக்கள் சீக்கிரம் அழியும் நோய்களிலும், ரத்தம் ஏற்றிக்கொண்ட பிறகும் ஏ1சி பொய்யாக இறங்கும். இரும்புச்சத்துக் குறைவில் பொய்யாக ஏறும். மலேசியாவில் பரவலாக உள்ள தலசீமியா மரபணு, ஹீமோகுளோபினையே மாற்றிவிடுவதால், எண்ணை நம்புவதைக் கடினமாக்கிவிடும். நம் மனிதருக்குச் சிவப்பு அணுக்கள் வழக்கத்தைவிடச் சிறியவை என்று அதே ரிப்போர்ட்டின் இன்னொரு வரி சொல்கிறது. அவருடைய அண்ணனுக்குத் தலசீமியா மரபணு இருப்பது முன்பே தெரியும். அப்படியானால் இந்த 6.4ஐ எவ்வளவு நம்புவது?

கோட்டை எங்கே போடுவது?

அதைப் பார்ப்பதற்கு முன் அந்த மூன்று பதில்களின் விவகாரத்தை முடித்துவிடுவோம்.

காசநோய்க்கு ஒரு கிருமி உண்டு. இருக்கிறது அல்லது இல்லை. நீரிழிவில் அப்படி ஒரு பிளவு கிடையாது. ஒரு ஊரில் உள்ள எல்லாருடைய ரத்தச் சர்க்கரையையும் அளந்து வரிசைப்படுத்தினால், மிகக் குறைவிலிருந்து மிக அதிகம்வரை இடைவெளியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். எங்கோ ஓரிடத்தில் மனிதர்கள்தாம் கோடு போட வேண்டும். எங்கே போடுவது என்ற கேள்விக்குக் கண்தான் பதில் சொன்னது. கண்ணின் பின்புறத்திலுள்ள விழித்திரையில், நீரிழிவுக்கே உரிய ஒரு வகைச் சேதம் உண்டாகும். மருத்துவர்கள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்களின் விழித்திரையைப் படம் பிடித்து, அவர்களுடைய சர்க்கரை அளவோடு ஒப்பிட்டார்கள். ஓர் அளவுவரை அந்தச் சேதம் அரிது. அதற்குமேல் வேகமாகப் பெருகுகிறது. அந்தத் திருப்பத்தின் அருகில் கோடு விழுந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கான கோடு முன்பு 7.8ஆக இருந்தது, அது மிகவும் மேலே இருக்கிறது என்று தெரிந்து 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 7க்கு இறக்கியது. ஏ1சிக்கு 6.5 என்று உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் ஏற்றுக்கொண்டது. சென்னை மைத்துனர் சொன்ன "பார்டர்" இந்தக் கணக்குதான்.

மலேசிய மருத்துவர்கள் தம் மக்களிடம் சோதித்தபோது, 6.5 என்று வைத்தால் மற்றப் பரிசோதனைகளில் சிக்கும் பலர் இதில் தப்பிவிடுவதைக் கண்டார்கள். எனவே மலேசிய வழிகாட்டியில் கோடு 6.3. சிங்கப்பூர் வேறு வழி எடுத்தது. ஏ1சி 6.0 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நோயில்லை, 7.0 அல்லது அதற்கு மேல் என்றால் நோய். இடையில் இருப்பவர் எவரும் வேறொரு சர்க்கரைப் பரிசோதனைக்குப் போக வேண்டும். மலேசியா ஒருவரையும் தவறவிட்டுவிடக் கூடாது என்று பார்க்கிறது. சிங்கப்பூர் ஒருவர்மேலும் தவறாக முத்திரை குத்திவிடக் கூடாது என்று பார்க்கிறது. இரண்டுமே அக்கறையிலிருந்து வந்த முடிவுகள். எனக்கு இரண்டிலும் குறை தெரியவில்லை.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. மூன்று பதில்களில் தமக்குப் பிடித்ததைப் பொறுக்கிக்கொண்டு, "பார்டர்தானாம்" என்று அதோடு நின்றுவிடுகிறவர்கள் நம்மிடையே மிகப் பலர். கோட்டுக்குக் கீழே இருந்தால் உடம்பு பத்திரம் என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில், நீரிழிவுக் கோட்டை இன்னும் தொடாத, சர்க்கரை சற்றே ஏறிய நிலையில் இருந்தவர்களின் விழித்திரையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். 100இல் ஏறக்குறைய 8 பேருக்குச் சேதம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

கிளாஸில் 75 கிராம்

நம் மனிதர் நின்றுவிடவில்லை. தலசீமியா சந்தேகத்தால் ஏ1சியை ஒதுக்கி வைத்துவிட்டு, ஜொகூர் டாக்டர் அவரைச் சர்க்கரைத் தண்ணீர்ப் பரிசோதனைக்கு வரச் சொன்னார். இரவு முழுக்கச் சாப்பிடாமல் காலையில் வர வேண்டும். முதலில் ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொல்வார்கள். திகட்டும், சிலருக்குக் குமட்டும். பிறகு இரண்டு மணி நேரம் நடக்காமல், புகைக்காமல், வேறெதுவும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு மீண்டும் ரத்தம். ஒரு நாள் ஷிப்டு போய்விடும் என்று அவர் தயங்கினார், ஆனாலும் வந்தார்.

வெறும் வயிற்றில் 6.7. இரண்டு மணி நேரம் கழித்து 12.1.

இந்த இரண்டு எண்களையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் எண் 7ஐத் தொடவில்லை. வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் செய்திருந்தால், எந்த நாட்டிலும் அவருக்கு நீரிழிவு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டாவது எண்ணுக்கான கோடு 11.1; அதை அவர் தாண்டிவிட்டார். ஒரே உடம்பு, ஒரே காலை. ஏன் இந்த முரண்?

இரவில் நாம் சாப்பிடாத நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை தருவது கல்லீரல். எனவே வெறும் வயிற்று எண் பெரும்பாலும் கல்லீரலின் கதை. சாப்பிட்ட பிறகு வரும் சர்க்கரை வெள்ளத்தை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டியது தசைகள். அவற்றுக்கு உத்தரவு கொடுப்பது கணையம் சுரக்கும் இன்சுலின். இரண்டு மணி நேர எண் தசையும் கணையமும் சேர்ந்து எழுதும் கதை. நம் மனிதருக்குக் கல்லீரல் இன்னும் ஓரளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது. தசைகள் இன்சுலினின் உத்தரவைச் சரியாகக் கேட்பதில்லை. அதை ஈடுகட்டும் அளவு வேகமாகக் கணையத்தால் சுரக்கவும் முடியவில்லை. தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் செவி சாய்க்காத இந்த நிலையை இன்சுலின் மந்தம் என்று அழைப்போம்.

சிங்கப்பூர் வழியில் போயிருந்தாலும் அவர் இங்கேதான் வந்து சேர்ந்திருப்பார். அங்கே 6.4 நடுப்பகுதியில் விழும். வெறும் வயிற்று 6.7உம் நடுப்பகுதியில் விழும்; அடுத்த படி இதே சர்க்கரைத் தண்ணீர்தான். நடுவில் இறங்காமல் கடைசிவரை போனால் பாலத்தின் இரு கரையிலும் பதில் ஒன்றே.

இது எந்த வகை?

நோய் உறுதியானதும் அடுத்த கேள்வி, எந்த வகை என்பது. இன்சுலின் சுரக்கும் அணுக்களை உடம்பின் சொந்தக் காவல் படையே தாக்கி அழித்துவிடுவது முதல் வகை. பெரும்பாலும் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வரும். எந்த வயதிலும் வரலாம். அவர்கள் மிட்டாய் தின்றதாலோ பெற்றோர் எதையோ கவனிக்காததாலோ வருவதன்று. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடும்வரை, இந்த வகை வந்த குழந்தைகள் மெலிந்து மெலிந்து இறந்தார்கள். இன்றும் ஒரு குழந்தை திடீரென இளைத்து, படுக்கையை நனைத்து, தண்ணீருக்கு ஏங்கி, பிறகு வாந்தியும் வயிற்று வலியுமாகத் துவண்டால், அது வயிற்றுக் கோளாறு என்று காத்திருக்கக் கூடாது. விரலில் ஒரு சொட்டு ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நாள் தாமதம்கூட உயிரை எடுத்துவிடும்.

கர்ப்ப காலத்தில் மட்டும் தலைகாட்டும் வகை ஒன்று உண்டு. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடம்பில் இன்சுலின் மந்தத்தைக் கூட்டுகின்றன. சில தாய்மாரின் கணையம் ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது. மலேசியாவில் பிள்ளை பெற்ற பெண்களுக்கு எம்ஜிடிடி என்ற பெயர் நன்றாகத் தெரியும். அதுவும் இதே சர்க்கரைத் தண்ணீர்தான். கோடுகள் மட்டும் இன்னும் தாழ்வானவை: வெறும் வயிற்றில் 5.1, இரண்டு மணி நேரம் கழித்து 7.8. பிள்ளை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிடும். அந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்போ, மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். பிரசவமாகி ஆறு வாரம் கழித்து மீண்டும் பரிசோதனைக்கு வரச் சொல்வது இதனால்தான். பச்சைப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு மணி நேரத்தைத் தேடுவது எவ்வளவு கடினம் என்று குடும்பத்தில் மற்றவர்கள் உணர வேண்டும். அதை வாங்கித் தருவது அவர்கள் கடமை.

ஒற்றை மரபணுக் கோளாறால் வருவது, கணைய நோயால் வருவது என்று அரிதான வகைகள் இன்னும் உண்டு. மீதி எல்லாம், அதாவது மிகப் பெரும்பான்மை, இரண்டாம் வகை: இன்சுலின் மந்தமும் தளரும் கணையமும் சேர்ந்தது. நம் மனிதருக்கு வந்திருப்பது இதுதான்.

ஒல்லி உடம்பின் இரகசியம்

"நான்தான் குண்டே இல்லையே!" அவருடைய இரண்டாவது கேள்வி. இதற்கு நல்ல பதில் தருவது 2004இல் லான்செட் இதழில் வந்த ஒரு படம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கினும் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை எவ்வளவு என்று பார்க்கும் பிஎம்ஐ அளவு இருவருக்கும் ஒன்றே, 22.3. இருவரும் ஒல்லிதான். உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2.

தெற்காசிய உடம்பில் அதே எடைக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அதிலும் வயிற்றுக்குள், கல்லீரலைச் சுற்றி. சர்க்கரையை இழுத்துக்கொள்ள வேண்டிய தசை குறைவாகவும், இன்சுலினை மந்தமாக்கும் உட்கொழுப்பு அதிகமாகவும் இருந்தால் தராசு எதையும் காட்டிக்கொடுக்காது. தையற்கார நாடா காட்டிக்கொடுக்கும். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செண்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது நமக்கான எச்சரிக்கை எல்லை.

அவருடைய அம்மா இருட்டு விலகும் முன்பே பிரட்டுக்குப் போய், மேடும் பள்ளமுமான நிரையில் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, பிறகு பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு நடந்தவர். மூன்று வேளைச் சோறும் அந்தத் தசைகளுக்குள் போய்ச் சேர்ந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு, குடும்பம் தாமான் வீட்டுக்கு வந்த பிறகு வேலை நின்றது. சோறு அப்படியே இருந்தது, மைலோவும் டின்பாலும் கூடின. மகனுக்கோ உட்கார்ந்த வேலை, போக வரப் பல மணி நேரம் மோட்டார் சைக்கிள், ஐந்து மணி நேரத் தூக்கம். தூக்கம் குறைந்தாலே இன்சுலின் மந்தம் கூடும் என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். இவர் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவர் வாழ்க்கை அமைந்த விதம் அவருடைய தசைகளுக்கு வேலை வைக்கவில்லை.

நுனியிலிருந்து தொடங்கும் சேதம்

தசை அணுக்களுக்குள் சர்க்கரை போக இன்சுலின் வேண்டும். விழித்திரையின் நுண்குழாய்கள், சிறுநீரகத்தின் வடிகட்டிகள், நரம்புகள் ஆகியவற்றுக்கு வேண்டியதில்லை. ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறதோ அவ்வளவும் அவற்றுக்குள் நுழையும். தடுக்க அவற்றுக்குக் கதவில்லை. எனவே பாதிப்பும் அங்கேதான் முதலில்.

விழித்திரையில் நுண்குழாய்களின் சுவர் பலமிழந்து, ஊசி முனையளவு புடைப்புகள் தோன்றும். பிறகு கசியும், அடைபடும். பார்வையின் நடுப்புள்ளியைத் தொடும்வரை அவருக்கு எழுத்துகள் தெளிவாகவே தெரியும். "எனக்குக் கண் நல்லா தெரியுதே" என்று விழித்திரைப் படம் எடுக்காமல் விடுபவர்கள், லேசர் காப்பாற்றியிருக்கக்கூடிய காலத்தை இழந்துவிடுகிறார்கள். சிறுநீரகத்தில் வடிகட்டியின் துளை பெரிதாகி, அல்புமின் என்ற புரதம் துளித்துளியாகச் சிறுநீரில் தப்பும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் மருந்து உண்டு. விட்டுவிட்டால் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது நீரிழிவு. உயிரை அதிகமாக எடுப்பதோ இவை எதுவும் அல்ல, இதயம். பெரிய குழாய்களில் நடக்கும் அடைப்பு, சர்க்கரைக் கோட்டுக்குக் கீழேயே தொடங்கிவிடுகிறது. அதனால்தான் டாக்டர் ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் விடாமல் கேட்கிறார்.

காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நாமே தடுக்கக்கூடியது. கால் விரல் நுனியின் தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பணு, கீழ் முதுகெலும்பின் அருகில் உட்கார்ந்திருக்கிறது. அதன் இழை ஒன்று அங்கிருந்து விரல் நுனிவரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் போகிறது. இழைக்கு வேண்டிய சத்தெல்லாம் அங்கிருந்துதான் வர வேண்டும். சர்க்கரையால் நரம்பு தளரும்போது மிக நீளமான இழையின் மிகத் தொலைவான முனைதான் முதலில் காய்கிறது. அதனால்தான் உணர்ச்சிக் கோளாறு விரலில் தொடங்கி, இரண்டு காலிலும் சமமாக, காலுறை போட்டதுபோல மேலே ஏறுகிறது. முதலில் எரிச்சல், ஊசி குத்தல்; பிறகு ஒன்றுமே இல்லை. அந்த "ஒன்றுமே இல்லை"யைப் பலர் குணமாகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். செருப்பு நழுவி விழுந்தது தெரியாமல் கடைவரை நடந்து போய்விடுவார்கள். செருப்புக்குள் கிடந்த சிறு கல் நாள் முழுக்க அறுத்தும் தெரியாது. தைப்பூசத்தன்று நண்பகல் வெயிலில் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தால், கொப்புளம் வந்ததே மறுநாள் சாக்ஸில் ஈரம் பார்த்துத்தான் தெரியும். நேர்த்திக்கடனை நிறுத்தச் சொல்லவில்லை. காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் விடியலிலேயே முடித்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் யாரையாவது உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லலாம். சின்னப் புண்தான் கிருமி ஏறிக் காலையே எடுக்க வைக்கிறது.

கிளினிக்கில் நம் மனிதரைக் கண்ணை மூடச் சொல்லி, மீன்பிடி நரம்பு போன்ற ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் பல இடங்களில் அழுத்தினார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட இழை அது. எல்லா இடத்திலும் "ஆமாம்" என்றார். சிறுநீரில் அல்புமின் இல்லை. வலது விழித்திரையில் மட்டும் இரண்டு நுண்புடைப்புகள். இப்போது ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அடுத்த ஆண்டு மீண்டும் படம். ஆனால் அவை ஒரே நாளில் வந்திருக்க முடியாது. பிரிட்டனில் 1977இல் தொடங்கி 20 ஆண்டு நடந்த ஒரு பெரிய ஆய்வில், இரண்டாம் வகை நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அன்றே ஏதோ ஒரு சேதம் இருந்தது. அதே ஆய்வு நல்ல செய்தியையும் தந்தது: ஏ1சி ஒரு சதவீதம் குறைவாக இருந்தவர்களிடம், இந்த நுண்குழாய்ச் சேதங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாகக் காணப்பட்டன.

அதே எண், வேறு செய்தி

அவருக்கு மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்தார்கள். தே தாரேவுக்குப் பதில் தே ஓ கோசோங், பாதிச் சோறு, வாரத்தில் ஐந்து நாள் வேக நடை என்றும் சொன்னார்கள். இவையெல்லாம் பேச்சுக்குச் சொல்வதில்லை. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை ஏறத் தொடங்கிய நம்மைப் போன்ற உடலமைப்புள்ளவர்களிடம், உணவையும் நடையையும் மாற்றியதே நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தது. மருந்து மட்டும் தந்தது 26.4. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடிலும் நடந்த ஆய்வில், எடையைப் பெருமளவு குறைக்க வைத்தபோது, ஓராண்டில் 100க்கு 46 பேர் மருந்தே இல்லாமல் கோட்டுக்குக் கீழே திரும்பினார்கள். மருந்தை நிறுத்தி மூன்று மாதமாவது ஏ1சி 6.5க்குக் கீழே நின்றால் அதை நோய்த் தணிவு என்கிறார்கள். ஒன்பதில் இருந்த ஒருவர் உழைத்து இறங்கி வந்து அடைந்த 6.4, இவரை நோயாளி என்று சொன்ன அதே 6.4தான்.

தலசீமியாவால் ஏ1சியை முழுதாக நம்ப முடியாததால், இவருக்கு வீட்டுக் குளுக்கோமீட்டரில் சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் எழுதி வைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். மலேசிய வழிகாட்டி 30 வயது கடந்த எல்லாரையும் பரிசோதிக்கச் சொல்கிறது; அவருடைய அக்காவும் அண்ணனும் அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார்கள். மனைவிக்கு இரண்டாவது கர்ப்பத்தில் எம்ஜிடிடி கோட்டைத் தாண்டியிருந்தது. அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒன்பது வயது. ஆறு வாரத்தில் வரச் சொன்ன பரிசோதனைக்கு அவர் இன்னும் போகவில்லை.